சல்பாமிக் அமிலம்: டெல்டாவில் கையாளுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் இந்த வெள்ளைப் பொடி இரண்டு இடங்களில் புழங்குகிறது. ஒன்று கல்லூரி ஆய்வகம். அங்கே சாயம் தயாரிக்கும்போது மிஞ்சும் நைட்ரைட்டை அடக்க உதவுகிறது. இன்னொன்று அரிசி ஆலை, லாட்ஜ், கல்யாண மண்டபம். அங்கே 'டீஸ்கேலிங் பவுடர்' என்ற பெயரில் உப்புப் படிவை எடுக்க வருகிறது. ஆய்வகத்தில் கேட்பவருக்கும் ஆலையில் கேட்பவருக்கும் பதில் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் முடிகிறது: இந்தப் பொருளின் நைட்ரஜன்–கந்தகப் பிணைப்பு குளிர்ந்த நீரில் உறுதியாக நிற்கும், சூடான அமில நீரில் அறுந்துவிடும்.

இது என்ன பொருள்? சல்பூரிக் அமிலத்தின் தம்பியா?

உறவு உண்டு. சல்பூரிக் அமிலத்தில் கந்தகத்தோடு இணைந்த இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகளில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் அமினோ தொகுதியை வைத்தால் சல்பாமிக் அமிலம். கார்பன் இல்லை, முழுக்க கனிமச் சேர்மம். மூலக்கூறு எடை 97.09. திண்மநிலையில் ஹைட்ரஜன் அயனி நைட்ரஜன் மேலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒரே மூலக்கூறில் ஒரு பக்கம் நேர்மின், மறுபக்கம் எதிர்மின். அதனால்தான் இது ஆவியாகாது, மணக்காது, சுமார் 205 டிகிரி வரை உருகாது, உருகும்போதே சிதையவும் தொடங்கும்.

வலிமையில் இது உண்மையான அமிலம். வினிகர், எலுமிச்சை உப்பு வரிசையில் வைக்க வேண்டாம். 1 சதவீதக் கரைசலின் பிஎச் 1.2 அளவில் இருக்கும். பொடியாக இருப்பதால் சாது என்று நினைத்துக் கைவிரலால் கலக்குகிறவர்கள் உண்டு. கையில் கீறல் இருந்தால் உடனே தெரிந்துவிடும்.

சல்பாமிக், சல்பானிலிக், சல்பானிலமைடு: ஒரே அலமாரியில் மூன்றும் இருக்கின்றன. மாறினால் என்ன ஆகும்?

சோதனை பாழாகும். சல்பானிலிக் அமிலம் பென்சீன் வளையம் கொண்ட அமீன். மெத்தில் ஆரஞ்சு தயாரிக்கத் தொடங்குவதே அதிலிருந்துதான். சல்பாமிக் அமிலம் நைட்ரைட்டைத் தின்றுவிடும். டயசோ வினைக்கு, அதாவது அமீனைக் குளிரில் நைட்ரைட்டோடு வினைபுரிய வைத்துச் சாயத்துக்கான டயசோனியம் உப்பாக்கும் படிக்கு, சல்பானிலிக்குப் பதில் தவறிப்போய் சல்பாமிக்கை எடுத்தால், நைட்ரைட் ஊற்ற ஊற்ற நுரைதான் பொங்கும். சாயம் வரவே வராது. சல்பானிலமைடு சல்பா மருந்து வகை. மூன்று பாட்டிலிலும் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். ஆங்கில லேபிளில் முதல் ஐந்து எழுத்தும் ஒன்றுதான்.

எதிலிருந்து தயாரிக்கிறார்கள்?

யூரியாவிலிருந்து. வயலுக்குப் போடும் அதே யூரியாதான். அதை சல்பர் ட்ரை ஆக்சைடும் சல்பூரிக் அமிலமும் கலந்த ஓலியத்தோடு வினைபுரிய வைக்கிறார்கள். ஒரு யூரியா மூலக்கூறில் இரண்டு நைட்ரஜன் இருப்பதால் இரண்டு சல்பாமிக் அமில மூலக்கூறு கிடைக்கும். நடுவில் இருந்த கார்பன் கரியமில வாயுவாக வெளியேறும். தொழிற்சாலை வேலை இது. கல்லூரி ஆய்வகத்தில் ஓலியத்தைத் திறந்துவைத்துக்கொண்டு முயன்று பார்க்க வேண்டியதில்லை; கிலோ கணக்கில் விலைக்குக் கிடைக்கிற பொருள்.

யூரியாவிலிருந்து வருகிறது, நைட்ரஜனும் கந்தகமும் இருக்கிறது. அப்படியானால் நெல்லுக்கு உரமாகப் போடலாமா?

கூடாது. கணக்குப் பார்த்தால் ஆசை வரும்: நைட்ரஜன் 14.4 சதவீதம், கந்தகம் 33 சதவீதம். ஆனால் இந்த அமிலத்தின் உப்புகளான சல்பமேட்டுகள் பயிருக்கு நஞ்சு. அம்மோனியம் சல்பமேட் பல நாடுகளில் களைக்கொல்லியாகவே விற்கப்பட்டது. வெட்டிய மரத்தின் அடிக்கட்டையைக் கூடத் துளிர்க்க விடாமல் பட்டுப்போக வைக்கும். பெயர் ஒலிப்பில் அண்ணன் தம்பி போல இருக்கும் அம்மோனியம் சல்பேட் உரம், அம்மோனியம் சல்பமேட் களைக்கொல்லி. ஒரு 'ம' எழுத்தில் குறுவை போய்விடும்.

இதில் இன்னொரு பாடம் இருக்கிறது. படிவு எடுத்து முடித்த கழிவுநீரை சோடா போட்டு நடுநிலையாக்கிவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று நினைத்து வாய்க்காலிலோ தென்னை மூட்டிலோ ஊற்றுகிறார்கள். நடுநிலையானது அமிலத்தன்மை மட்டும். சோடியம் சல்பமேட்டும் கால்சியம் சல்பமேட்டும் அந்த நீரில் அப்படியே இருக்கின்றன. கழிவுநீர்த் தொட்டிக்குத்தான் அனுப்ப வேண்டும். பாசன வாய்க்கால், குளம், நாற்றங்கால் எதற்கும் காட்டாதீர்கள்.

டயசோ வினையில் மிஞ்சிய நைட்ரைட்டை இது எப்படி அழிக்கிறது?

அமிலக் கரைசலில் நைட்ரைட் நைட்ரஸ் அமிலமாக இருக்கும். அதன் நைட்ரஜனும் சல்பாமிக் அமிலத்தின் நைட்ரஜனும் கைகோத்து நைட்ரஜன் வாயுவாகப் போய்விடும். மிஞ்சுவது சல்பூரிக் அமிலமும் நீரும். ஒன்றுக்கு ஒன்று என்ற மோல் கணக்கு. 69 கிராம் சோடியம் நைட்ரைட்டுக்கு 97 கிராம் சல்பாமிக் அமிலம். பூஜ்யம் முதல் 5 டிகிரி வரையிலான பனிக்கட்டி நீரிலும் வினை நொடிகளில் முடியும். யூரியாவும் இதே வேலையைச் செய்யும், ஆனால் அந்தக் குளிரில் மிக மெதுவாக.

நைட்ரைட்டை மிஞ்சவிட்டால் என்ன நட்டம்? டயசோனியம் உப்பை இன்னொரு சேர்மத்தோடு இணைத்துச் சாயமாக்கும் இணைப்பு வினைக்கு டைமெத்தில் அனிலின் சேர்க்கும்போது, மிச்சமுள்ள நைட்ரஸ் அமிலம் அதைத் தாக்கி நைட்ரோசோ சேர்மம் ஆக்கிவிடும். பீட்டா நாப்தாலிலும் அதே கதை. பளிச்சென்று வர வேண்டிய ஆரஞ்சும் சிவப்பும் சேறு கலந்தாற்போல வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

எவ்வளவு, எப்போது, எப்படிச் சேர்ப்பது?

ஒரு கணக்கை வைத்துப் பார்க்கலாம். 0.05 மோல் சல்பானிலிக் அமிலத்தை, அதாவது நீரற்ற நிலையில் 8.66 கிராமை, டயசோ ஆக்க 3.45 கிராம் சோடியம் நைட்ரைட் வேண்டும். 5 சதவீதம் கூடுதலாகப் போட்டிருந்தால் மிஞ்சுவது 0.0025 மோல். அதற்கு 0.24 கிராம் சல்பாமிக் அமிலம் போதும். 5 சதவீதக் கரைசலாக வைத்திருந்தால் சுமார் 5 மி.லி.

முதலில் நைட்ரைட் முழுவதும் சேர்த்து முடித்து, 5 டிகிரிக்குக் கீழே 10 முதல் 15 நிமிடம் கலக்கிக்கொண்டிருங்கள். ஸ்டார்ச்–அயோடைடு தாளில் ஒரு சொட்டு வையுங்கள். தொட்ட உடனே கருநீலம் வந்தால் நைட்ரைட் மிச்சம் இருக்கிறது, டயசோ வினை முடிந்துவிட்டது என்று பொருள். நிறம் வராவிட்டால் நைட்ரைட் பற்றவில்லை. இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். அந்த நிலையில் சல்பாமிக் அமிலத்தை ஊற்றினால் வினைக்கு வேண்டிய நைட்ரைட்டையே கொன்றுவிடுவீர்கள்.

முடிந்தது உறுதியான பிறகு குளிர்ந்த சல்பாமிக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒவ்வொரு மி.லி.க்கும் பிறகு ஒரு நிமிடம் பொறுத்துத் தாளில் பாருங்கள். நிறம் வராத இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

தாளைப் படிப்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். வலுவான அமிலம் பட்ட இடத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜனே அரை நிமிடத்தில் அயோடைடை அயோடினாக்கி நீலம் காட்டும். ஓரிரு நொடிக்குள் வரும் நிறம் மட்டுமே கணக்கு. மேசையில் போட்டுவிட்டுத் திரும்பி வந்து 'இன்னும் நீலமாக இருக்கிறதே' என்று மேலும் மேலும் சல்பாமிக் சேர்ப்பது வீண். அப்படிக் கூடிப்போன அமிலம் பின்னால் இணைப்பு வினையில் காரத்தை விழுங்கும், பிஎச் ஏறாது, சாயம் பாதியில் நிற்கும்.

பொடியாக அப்படியே கொட்டலாமா என்றால், சின்ன அளவில் ஒன்றும் ஆகாது. மேலே சொன்ன கணக்கில் வருவது 60 மி.லி. வாயுதான். ஆனால் ஒரு மோல் நைட்ரைட்டுக்கு அறை வெப்பத்தில் 24 லிட்டருக்கும் மேல் நைட்ரஜன் வரும். பெரிய குடுவையில் பொடியைக் கொட்டினால் நுரை கழுத்தைத் தாண்டி வெளியே வரும், அதில் இருப்பது டயசோனியம் உப்பு. மேசையில் வழிந்ததைத் தண்ணீர் விட்டு உடனே துடைத்துவிடுங்கள். டயசோனியம் உப்பை உலர விடக் கூடாது, உலர்ந்தால் வெடிக்கக்கூடியது.

கரைசல் போட்டும் நைட்ரைட் போகவில்லை. அமிலம் கலப்படமா?

கலப்படமாக இருக்கலாம். அதைவிட அதிகம் நடப்பது, கரைசலை அடுப்பில் வைத்துச் சூடாக்கிக் கரைத்திருப்பார்கள். சூட்டில் சல்பாமிக் அமிலம் நீரோடு சேர்ந்து அம்மோனியம் பைசல்பேட் ஆகிவிடும். அமிலப் புளிப்பு அப்படியே இருக்கும், லிட்மஸ் சிவக்கும், ஆனால் நைட்ரைட்டைப் பிடிக்கும் குணம் போய்விட்டிருக்கும். அறை வெப்பத்தில் இந்த மாற்றம் மிக மெதுவாகத்தான் நடக்கும். 60 டிகிரியைத் தாண்டினால் வேகம் பிடிக்கும், கொதிநிலையில் சொல்லவே வேண்டாம். 20 டிகிரியில் 100 கிராம் நீரில் 21 கிராம் கரையும். 5 அல்லது 10 சதவீதக் கரைசலுக்குச் சூடே தேவையில்லை, பொறுமையாகக் கலக்கினால் போதும்.

சோதித்துப் பார்க்க ஓர் அருமையான வழி உண்டு. கரைசலில் சில மி.லி. எடுத்து, ஒரு சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, பேரியம் குளோரைடு சேருங்கள். நல்ல சல்பாமிக் அமிலம் தெளிவாகவே இருக்கும், ஏனென்றால் பேரியம் சல்பமேட் கரையும். கலங்கினால் அதில் ஏற்கெனவே சல்பேட் இருக்கிறது: பழையது, சூடாக்கியது அல்லது தரமற்றது. தெளிவாக இருந்தால் அதன் மேலேயே சில சொட்டு சோடியம் நைட்ரைட் விடுங்கள். நிறமற்ற வாயு சுறுசுறுவென்று குமிழியிட்டு, கூடவே வெள்ளை வீழ்படிவும் விழுந்தால் சந்தேகமே இல்லை, அது சல்பாமிக் அமிலம். சிட்ரிக் அமிலத்தைச் 'சல்பாமிக்' என்று விற்றிருந்தால் வெள்ளை விழாது, குழாய் வாயில் பழுப்புப் புகை தெரியும். வாயுவை வெளியே இழுக்கும் புகைக்கூண்டுக்குள், சோதனைக்குழாய் அளவில் மட்டும் செய்யுங்கள். பேரியம் உப்பு விஷம், கழிவைத் தனியாகச் சேருங்கள்.

சோடியம் ஹைட்ராக்சைடை டைட்ரேட் செய்து செறிவைக் கண்டுபிடிக்க, எடை போட்டாலே அளவு உறுதியாகத் தெரியும் முதன்மைத் திட்டப் பொருளாக இதை வைக்கலாமா? ஆக்சாலிக் அமிலம்தானே வழக்கம்?

தாராளமாக. மறுபடிகமாக்கிய சுத்தமான சல்பாமிக் அமிலம் காற்றின் ஈரத்தை இழுக்காது, ஆக்சாலிக் படிகம் போல நீரை இழந்து எடையும் மாறாது. அதோடு வலுவான அமிலமாதலால் நிறங்காட்டி விஷயத்தில் கெடுபிடி இல்லை. மெத்தில் ரெட், புரோமோதைமால் புளூ, பினால்ப்தலீன் எதுவும் சரி.

வெற்றிட டெசிக்கேட்டரில் (ஈரம் நீக்கும் மூடிய பாத்திரம்) வைத்து எடுத்த பொடியில் 0.25 கிராம் துல்லியமாக எடை போட்டால் 0.1 மோலார் காரத்துக்கு 25.75 மி.லி. செலவாகும். 250 மி.லி. 0.1 மோலார் கரைசல் வேண்டுமானால் 2.427 கிராம். ஆனால் கரைசலாகச் சேமிப்பதைவிட ஒவ்வொரு முறையும் கூம்புக் குடுவைக்குள் நேரடியாக எடை போடுவதுதான் நல்லது. நாளாகி நீரோடு வினைபுரிந்து சிதைந்த கரைசலில் அம்மோனியம் அயனி சேர்ந்துவிடும். அது பிஎச் 8, 9 வரும்போது காரத்தோடு மெல்ல வினைபுரியத் தொடங்கும். பினால்ப்தலீனின் இளஞ்சிவப்பு வருவதும் மறைவதுமாக இழுத்தடிக்கும். அப்படி இழுத்தால் கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டோடு ஒப்பிட்டால் ஒரு குறை உண்டு. அதன் எடை 204, இதன் எடை 97. தராசில் 0.2 மில்லிகிராம் பிசகினால் இங்கே அந்தப் பிழை இரு மடங்காகத் தெரியும். நான்கு தசம இடம் காட்டும் தராசு இருந்தால் இதை ஒரு பொருட்டாக எண்ண வேண்டாம்.

ஆய்வில் வேறு எங்கெல்லாம் வருகிறது?

நைட்ரைட் இடைஞ்சல் செய்யும் இடமெல்லாம். காற்றிலுள்ள கந்தக டை ஆக்சைடை அளக்கும் வெஸ்ட்–கேக்கே முறையில், நைட்ரஜன் ஆக்சைடுகளால் வரும் நைட்ரைட்டை அடக்க அன்றன்று கரைத்த சல்பாமிக் அமிலத்தைச் சேர்க்கிறார்கள். சல்பா மருந்துகளை அளக்க 1939இல் வந்த பிராட்டன்–மார்ஷல் முறையில் அதன் அம்மோனியம் உப்பு இதே வேலையைச் செய்கிறது: முதலில் நைட்ரைட், பிறகு சல்பமேட், பிறகு நாப்தைல் எத்திலீன் டை அமீன். ஒவ்வொன்றுக்கும் நடுவே சில நிமிடம் பொறுக்க வேண்டும். நடுவிலுள்ள படியை விட்டுவிட்டால் கருஞ்சிவப்பு நிறம் நிலைக்காது.

கரிமத் தொகுப்பில் வினைப்பொருளாக எப்படிப் பயன்படுத்துவது?

மூன்று வழிகள் முக்கியம்.

ஆல்டிஹைடைக் கார்பாக்சிலிக் அமிலமாக மாற்றும்போது சோடியம் குளோரைட் (சாதா உப்பான குளோரைடு அல்ல) வினைப்பொருளாக வருகிறது. வினையில் பிறக்கும் ஹைப்போகுளோரஸ் அமிலம் அடுத்த குளோரைட்டைத் தாக்கி மஞ்சள் பச்சை நிறக் குளோரின் டை ஆக்சைடு வாயுவை விடும். பென்சீன் வளையத்திலும் குளோரினை ஏற்றிவிடும். அந்த ஹைப்போகுளோரஸ் அமிலத்தைப் பிடித்து வைக்கத்தான் சல்பாமிக் அமிலம். 1973இல் லிண்ட்கிரெனும் நில்சனும் இப்படித்தான் செய்தார்கள். இன்று பின்னிக் ஆக்சிஜனேற்றம் என்று எல்லோரும் சொல்லும் முறைக்கு மூத்தது அது. வெனிலினிலிருந்து வெனிலிக் அமிலம் எடுக்க இது மாணவர்களுக்கு ஏற்ற சோதனை. ஆல்டிஹைடு 1 மோலுக்கு குளோரைட் 1.1 முதல் 1.3 வரை, சல்பாமிக் அமிலம் அதைவிடச் சற்றுக் கூடுதலாக. அமிலமும் ஆல்டிஹைடும் முதலில், குளோரைட் கரைசல் கடைசியில், சொட்டுச் சொட்டாக, பனிக்கட்டித் தொட்டியில், புகைக்கூண்டுக்குள். வரிசையை மாற்றி அமிலத்தைக் குளோரைட் மேல் ஊற்றினால் நேராகக் குளோரின் டை ஆக்சைடுதான் வரும். கரைசலில் மஞ்சள் ஏறுவது கண்ணில் பட்டால் சேர்ப்பதை நிறுத்துங்கள். சோடியம் குளோரைட் கடைச்சரக்கு பெரும்பாலும் 80 சதவீதம்தான். அதைக் கணக்கில் எடுக்காமல் எடை போட்டுவிட்டு ஆல்டிஹைடு மிஞ்சுகிறதே என்று கேட்கக் கூடாது.

இரண்டாவது, சல்பேட் ஏற்றும் வேலை. நீரில்லாத நிலையில், 100 டிகிரிக்கு மேல், முதல்நிலை ஆல்கஹாலோடு சல்பாமிக் அமிலத்தைச் சூடாக்கினால் அம்மோனியம் ஆல்கைல் சல்பேட் நேரடியாகவே கிடைக்கும். லாரைல் ஆல்கஹாலிலிருந்து நுரைப்பொருள் செய்ய இது ஒரு வழி. துணைவிளைவாக நீர் வராது, கந்தக ட்ரை ஆக்சைடு புகை கிடையாது. சிறிது யூரியா போட்டால் வேகம் கூடும். பீனால்களுக்கு பிரிடின் வேண்டும். குடுவை ஈரமாக இருந்தால் மட்டும் எல்லாம் கெடும்: நீர் இருக்கிற அளவுக்கு அம்மோனியம் பைசல்பேட் ஆகிவிடும்.

மூன்றாவதாக, திண்ம அமில ஊக்கியாக 5 முதல் 10 மோல் சதவீதம் போடுவது. பெரும்பாலான கரிமக் கரைப்பான்களில் கரையாது, வடிகட்டி எடுத்துவிடலாம். இது மீண்டும் மீண்டும் பயன்படும் ஊக்கி என்று ஆய்வுக்கட்டுரைகள் எழுதுவதை அப்படியே நம்ப வேண்டாம். எஸ்டர் வினையில் சூடான ஆல்கஹாலும் உண்டு, உருவாகும் நீரும் உண்டு. இரண்டும் இதைத் தின்னக்கூடியவை. இரண்டாம், மூன்றாம் முறையில் விளைச்சல் குறைந்தால் வடிகட்டிய பொடியைப் பேரியம் குளோரைடில் பாருங்கள், பதில் அங்கே இருக்கும்.

இனிப்புச் சரக்கில் இதைச் சேர்க்கிறார்களாமே?

இதைச் சேர்ப்பதில்லை. இதிலிருந்து செயற்கை இனிப்புகள் தயாரிக்கிறார்கள். 1937இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்வெடா கண்ட சைக்ளமேட் சல்பமேட் வகைதான். அசிசல்பேம் பொட்டாசியத்துக்கும் மூலப்பொருள் சல்பாமிக் அமிலமே.

சரி, உப்புப் படிவுக்கு வருவோம். எவ்வளவு படிவுக்கு எவ்வளவு பொடி?

1 கிலோ கால்சியம் கார்பனேட்டுக்கு 1.94 கிலோ சல்பாமிக் அமிலம். அந்த 1 கிலோ கரையும்போது 440 கிராம் கரியமில வாயு, அதாவது 240 லிட்டருக்கு மேல் வரும். மூடிய தொட்டிக்குள் தலையை விட்டு எட்டிப் பார்ப்பது உயிருக்கு ஆபத்து.

முதலில் படிவு எந்த வகை என்று பாருங்கள். ஒரு சில்லைப் பெயர்த்து 10 சதவீதக் கரைசலில் போடுங்கள். நுரைத்துக் கரைந்துபோனால் சுண்ணாம்புப் படிவு, வேலை சுலபம். நுரைக்காமல் வெள்ளையாகக் கிடந்தால் ஜிப்சமோ சிலிக்காவோ. சல்பாமிக் அமிலம் அதன் பக்கமே போகாது. சிவந்த பொடியாக மிஞ்சினால் துரு. துருவை இது மெல்லத்தான் கரைக்கும். சிலர் கரைசலில் கல்லுப்பு போட்டு வேகப்படுத்துவார்கள். அது உள்ளுக்குள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை உருவாக்குவதுதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் குளோரைடு அரிக்கும் என்பதற்காகத்தானே சல்பாமிக்கைத் தேர்ந்தெடுத்தோம்? உப்பு போட்டால் அந்த நன்மை போச்சு.

காவிரி நீர் வாய்க்காலில் வரும் ஊர்களைவிட, போர்வெல்லை நம்பியிருக்கும் கடலோர ஊர்களில் இந்தத் தொல்லை அதிகம். வேதாரண்யம் பக்கம் நீரில் உப்பும் கடினத்தன்மையும் சேர்ந்தே வருகின்றன. சாதா உப்பு படியாது. படிவது கால்சியமும் மக்னீசியமும்.

15 லிட்டர் கீசரைச் சுத்தம் செய்யும் முறை?

மெயின் சுவிட்சை அணைத்து, வடித்து, ஆறவிடுங்கள். கண்ணாடிப் பூச்சுள்ள தொட்டியில் மக்னீசியம் தண்டு ஒன்று இருக்கும், அதைக் கழற்றிவிடுங்கள். விட்டால் அமிலம் அதைத் தின்று ஹைட்ரஜன் வாயுவை விடும். பிளாஸ்டிக் வாளியில் 15 லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 750 கிராம் பொடி, அதாவது 5 சதவீதம். முழுவதும் கரைந்த பிறகே உள்ளே ஊற்றுங்கள். கரையாத பொடி அடியில் தங்கினால் அந்த இடம் மட்டும் அரிக்கும். மேல்வாய் திறந்தே இருக்க வேண்டும்.

ஒன்று முதல் இரண்டு மணி நேரம். நுரை நின்றதும் பிஎச் தாளில் பாருங்கள். இன்னும் 2க்குக் கீழே இருந்தால் படிவு தீர்ந்தது. 3.5க்கு மேல் ஏறிவிட்டால் அமிலம் தீர்ந்தது, படிவு பாக்கி. புதுக் கரைசல் வேண்டும். இந்த இரண்டு 'நுரை நின்றது'களையும் பிரித்துப் பார்க்காமல் முடித்துவிடுவதுதான் ஆறு மாதத்தில் மறுபடி ஆள் கூப்பிட வைக்கிறது.

வெளியே எடுத்த நீரில் சோடா உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு பிஎச் 7க்குக் கொண்டுவாருங்கள். செலவாகாத 1 கிலோ அமிலத்துக்கு நீரற்ற சோடியம் கார்பனேட் 550 கிராம், சமையல் சோடாவானால் 865 கிராம். பிறகு இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசுங்கள்.

வேகமாகக் கரைய, கரைசலைக் கொதிக்க வைத்தால்?

இங்கேதான் பெரிய தப்பு நடக்கிறது. 60 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் ஓட்டினால் சல்பாமிக் அமிலம் சல்பேட்டாக மாறும். ஏற்கெனவே கரைந்து நிற்கும் கால்சியம் அந்தச் சல்பேட்டைப் பிடித்து ஜிப்சமாகக் குழாய்ச் சுவரிலேயே படியும். அமிலத்தில் கரைகிற படிவை எடுக்கப் போய், அமிலத்துக்கு எளிதில் அசையாத படிவை நாமே பூசிவிட்டு வருகிறோம். 50, 55 டிகிரியில் நிறுத்துங்கள். கரைசலை ஒரே நாளில் முடித்து வெளியேற்றுங்கள். உள்ளே ஊறட்டும் என்று இரவு விட்டுப் போக வேண்டாம்.

நெல் அவிக்கும் ஆலைகளில் பாய்லரை இப்படி நீங்களாகவே செய்யக் கூடாது. அது பாய்லர் ஆய்வுத்துறையின் கீழ் வருகிறது. அரிப்புத் தடுப்பான் சேர்த்து, அளந்து செய்யும் அனுபவமுள்ளவர்கள் வேண்டும்.

எந்தப் பரப்பில் படவே கூடாது?

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய், அலுமினியப் பாத்திரம், கடப்பா கல், மார்பிள், மொசைக், சிமெண்ட் தளம். கடப்பா கல் சுண்ணாம்புக்கல் வகை; சொட்டு விழுந்த இடம் பளபளப்பு போய் வெளுக்கும், பிறகு பாலிஷ் போட்டால்தான் சரியாகும். கிரானைட்டில் கவலை இல்லை.

பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் பலர் கேட்கிறார்கள். களிம்பு உடனே போகும், உண்மை. ஆனால் கரைந்த செம்பு திரும்பப் பித்தளை மேலேயே படிந்து சிவப்புத் திட்டு விழும். நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்குப் புளியே போதும். பழைய வெண்கலச் சிலையில் எந்த அமிலமும் வேண்டாம்.

பிளீச்சிங் பவுடரோடு சேர்த்தால் இன்னும் நன்றாகச் சுத்தமாகுமா?

குளோரின் வாயு வரும். கூடவே நைட்ரஜன் இருப்பதால் நைட்ரஜன் ட்ரைகுளோரைடும் உருவாகலாம், வெடிக்கக்கூடிய பொருள். ஒரே நாளில் ஒரே குளியலறையில் இரண்டும் வேண்டாம். ஆய்வகத்தில் செறிந்த நைட்ரிக் அமிலத்தோடும் கலக்காதீர்கள். நைட்ரஸ் ஆக்சைடு மூர்க்கமாகப் பொங்கி வரும்.

ஐப்பசி மழையில் பொடி கட்டிதட்டிவிட்டது. தூக்கி எறியலாமா?

கட்டிதட்டினால் மட்டும் கெட்டதாகாது. உடைத்துப் பேரியம் குளோரைடில் பாருங்கள். தெளிவாக இருந்தால் நைட்ரைட் வேலைக்கும் ஆகும். லேசாகக் கலங்கினால் உப்புப் படிவுக்கு வைத்துக்கொள்ளலாம், டைட்ரேஷனுக்கு எடுக்காதீர்கள். பொடியே நசநசவென்று ஈரமாக ஒட்டினால் பைசல்பேட் அதிகம். சுத்தமான சல்பாமிக் அமிலம் மழைக்காலத்திலும் உலர்ந்தே கிடக்கும். தகர டப்பா வேண்டாம், திருகு மூடியுள்ள பிளாஸ்டிக் ஜாடி.

கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் நீரில் இமையை விலக்கிக் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். சோடா கரைசலைக் கண்ணில் விடக் கூடாது. துணியில் பட்டதை உடனே அலசாவிட்டால், காய்ந்து செறிவாகி, அயர்ன் பண்ணும்போது அந்த இடம் பொத்தலாகும்.